பிலோமினா டீச்சரின் பதினான்கு சுடுசொற்கள்

வெள்ளிக்கிழமை காலை. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கைப்பேசி துடித்தது, ஈரக் கையால் எடுக்கவில்லை. விளக்கைத் துடைத்துப் பொட்டு வைத்து, எண்ணெய் ஊற்றி, ஏற்றிக் கும்பிட்ட பிறகுதான் பார்த்தேன். பள்ளியின் பழைய பெற்றோர் குழுவில் செய்தி வந்திருந்தது. "நம்ம பிலோமினா டீச்சர் விடிகாலையில தவறிட்டாங்க. உடம்பு வீட்லதான் இருக்கு. நாளைக்குக் கோயில்ல பூசை, அப்புறம் அடக்கம்."

அதற்குக் கீழே கும்பிட்ட கைகள் வரிசையாக வந்தன. ஒருவர், "அன்பின் வடிவம்" என்று எழுதினார். இன்னொருவர், "பிள்ளைகள் மனம் நோகாமல் பேசத் தெரிந்த ஆசிரியை" என்று எழுதினார். ஏற்றிய விளக்கின் முன்னால் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சாமி அறையில் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுவாரம் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துச் செயலாளர் தம்பி கூப்பிட்டார். "லெட்சுமிக்கா, முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சின்ன நினைவு மலர் போடுறோம். நீங்கதான் எழுதணும். இத்தனை வருசம் சங்கத்துக் கணக்கு எழுதுனவங்க, ஒரு எழுத்துப் பிசகாது."

"நல்லதா மட்டும் எழுதணுமா தம்பி?"

"செத்தவங்களைப் பத்தி வேற என்னத்தக்கா எழுதுவீங்க?"

"நடந்ததை எழுதுறேன். பிடிக்கலன்னா கிழிச்சிடுங்க."

இதை நீங்கள் வாசித்துக்கொண்டிருந்தால் அவர் கிழிக்கவில்லை என்று அர்த்தம். அந்தத் தம்பிக்கு என் நன்றி.

டீச்சரைப் பெயரளவில் மட்டும் தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜார்ஜ் டவுனில் நம் பிள்ளைகள் படித்த தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுக்குக் குடியியல் கல்வி எடுத்தவர். மெலிந்த உடம்பு, கழுத்தில் சின்னச் சிலுவை, ஆம்பிளைக் கைக்கடிகாரம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளைகள் அவரைக் கண்டால் நடைபாதையில் சுவரோரம் ஒட்டிக்கொள்வார்கள். பெற்றோர்களும்தான். நான் பத்து காவான் என்ற எஸ்டேட்டில் மூன்றாம் ஆண்டோடு படிப்பை விட்டவள். மகள் தர்ஷினி பள்ளிக்குப் போன பிறகு அவளுடைய முந்தின வருடத்துப் புத்தகங்களை வைத்துக்கொண்டு மலாயும் கணக்கும் நானாகப் படித்தேன். அந்தப் படிப்பை நம்பித்தான் சங்கத்துப் பொருளாளர் வேலையைக் கொடுத்தார்கள். அதனால் வாரம் இரண்டு நாள் ஆசிரியர் அறையின் ஓரத்தில் எனக்கு ஒரு நாற்காலி இருந்தது.

அந்த நாற்காலியிலிருந்து கேட்ட பேச்சு ஒன்று நினைவில் நிற்கிறது. புதிதாக வந்த இளம் ஆசிரியர் குணசீலன் சார், ஆசியான் நாடுகளைப் பற்றிய பாடத்துக்குப் பாட்டு எழுதி, பத்து நாட்டு உடையும் தைக்கக் கொடுத்திருந்தார். அப்போது பத்து நாடுதான், இப்போதுபோல் பதினொன்று இல்லை.

"பத்து நாடும் ஒரே குடும்பம்னு பிள்ளைங்க மனசுல பதியணும் டீச்சர். நாளைக்கு அதுங்க பாத்துக்கும்," என்றார்.

பிலோமினா டீச்சர் பயிற்சி நூல் திருத்திக்கொண்டே சொன்னார்: "குடும்பம்னா கதவைத் தட்டுனா திறக்கணும் சார். நீங்க எந்தக் கதவைத் தட்டிப் பாத்திருக்கீங்க?"

"பாடத்திட்டத்துல அப்படித்தான் இருக்கு."

"இருக்கட்டும். பாடத்திட்டம் எழுதுனவர் பாஸ்போர்ட் வச்சிருக்கார். உடுப்பு மாட்டி ஆட விடுறதுக்கு முன்னாடி, உங்க பத்து நாட்டுல ஒரு நாடாவது இந்தப் பிள்ளையைத் தன் பிள்ளைன்னு எழுதி வச்சிருக்கான்னு பாருங்க."

பக்கத்தில் பசியாறிக்கொண்டிருந்த கணித ஆசிரியை நிமிராமலே சொன்னார்: "சோதனையில வராத பாடத்துக்கு ஏன் லா இவ்வளவு சண்டை? அந்த அரைமணி நேரத்தை எங்கிட்ட குடுங்க. பின்னம் நடத்திக்கிறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. நானும் சிரித்தேன். ஆனால், "இந்தப் பிள்ளை" என்றபோது அவர் என் பக்கம் பார்த்த மாதிரி இருந்தது.

அந்த ஆண்டுதான் தர்ஷினி அவருடைய வகுப்புக்குப் போனாள். முதல் பாடத்திலேயே டீச்சர், "குடிமகன்னா யாரு?" என்று கேட்டாராம். பிள்ளைகள் கோரஸாக, "நாட்டை நேசிப்பவர், டீச்சர்" என்றார்களாம். அதற்கு அவர் சொன்ன பதிலை மகள் வீட்டுக்கு வந்து நடித்தே காட்டினாள். "நேசம் ஒருதலையாக்கூட இருக்கலாம். குடியுரிமை அப்படி இல்ல. உனக்கு நாட்டைப் பிடிச்சிருந்தா போதாது, நாடு உன்னை எழுதி வச்சிருக்கணும். நாளைக்கு எல்லாரும் சூராட் பெரானாக் நகல் கொண்டு வாங்க. எழுதியிருக்கிற வரியைச் சிவப்புப் பென்சிலால கோடு போட்டுக் காட்டணும்."

சூராட் பெரானாக் என்றால் பிறப்புப் பத்திரம். மகளுடைய பத்திரம் என் பீரோவில், பட்டுச் சேலைகளுக்கு அடியில் இருந்தது. அதில் தாயின் பெயர் என்ற இடத்தில் என் பெயர் இல்லை. கடல் தாண்டி மேடானிலிருந்து வந்து, பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை விடுதியில் தங்கி வேலை பார்த்த பெண்ணின் பெயர் இருந்தது. தந்தை பெயருக்கு எதிரே கோடு. அதற்கும் கீழே, குடிமகள் அல்ல என்று மலாயில் இரண்டே வார்த்தை. பிள்ளை இல்லாத எங்களுக்கு, பிறந்து பன்னிரண்டாம் நாள் அவளைக் கையில் கொடுத்தார்கள். அந்தப் பெண் ஊருக்குப் போய்விட்டாள். நான் மகளிடம் சொல்லவில்லை. தலைமையாசிரியருக்கும் எங்களுக்கும் மட்டும் தெரியும்.

மறுநாள் காலை நகலெடுக்கும் கடைக்குப் போனேன். தாய் பெயர் மீது ஒரு துண்டு வெள்ளைத்தாள், கடைசி வரி மீது இன்னொரு துண்டு. அப்படியே நகல் எடுத்து மகள் பையில் வைத்தேன்.

மத்தியானம் டீச்சர் என் நாற்காலிக்கு வந்து நின்றார். நகலை மேசையில் வைத்தார். "உங்க மகளோட சூராட்ல ரெண்டு வெள்ளை ஆறு ஓடுதே, லெட்சுமி. எந்த மலையிலிருந்து வருது?"

நான் அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் கையைப் பிடிக்கவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. அழுது முடியும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: "தத்து எடுத்ததைப் பதிவு பண்ணியாச்சா?"

"போனோம் டீச்சர். கல்யாணப் பத்திரம் கேட்டாங்க."

"குடுக்க வேண்டியதுதான?"

அங்கேதான் என் முட்டாள்தனம் இருந்தது. எங்கள் கல்யாணம் கோயிலில் நடந்தது. ஐயர் மந்திரம் சொல்ல, சாமி முன்னால் தாலி ஏறியது. பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. பிறகு சொன்னபோது எனக்கு ரோஷம் வந்தது. "சாமி பாத்து நடந்த கல்யாணத்துக்கு ஆபீசர் எதுக்கு டீச்சர் கையெழுத்துப் போடணும்? பதினேழு வருசம் வாழ்ந்த பிறகு ரெண்டு சாட்சியோட போய் நின்னா ஊர் என்ன சொல்லும்? அதுவரைக்கும் நான் யாரா இருந்தேன்னு கேக்காதா?"

"ஊர் கேக்கட்டும். பிள்ளை கேட்டா என்ன சொல்வீங்க?" என்றார். "இந்த வருசம் அவளுக்குப் பன்னெண்டு. கூடப் படிக்கிற எல்லாரும் அடையாளக் கார்டு எடுக்கப் போவாங்க. ஆகஸ்டில எல்லை தாண்டி சயாம் பள்ளிக்கூடத்துக்குப் பயணம் இருக்கு. அதுக்குள்ள நீங்க சொல்லிடணும். உங்க வாயால. சொல்லலன்னா நான் பொய் சொல்ல மாட்டேன், தெரிஞ்சுக்குங்க."

ஏழு மாதம் கிடைத்தது. அந்த ஏழு மாதத்தில் நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை தவறாமல் ராகு காலத்தில் அம்மனுக்கு எலுமிச்சை விளக்குப் போட்டேன். முப்பது வெள்ளிக்கிழமை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுத்தேன். செவ்வாய்க்கிழமை மௌன விரதம் இருந்தேன். பதிவு அலுவலகத்துப் பக்கம் போகவில்லை. மகளிடம் வாய் திறக்கவில்லை. அந்த அம்மன் ஒரு வழி காட்டுவாள் என்று நம்பினேன். அவள் காட்டிய வழி தினமும் மத்தியானம் ஆசிரியர் அறையில் கடிகாரம் கட்டிக்கொண்டு என்னைக் கடந்து போனது. எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பதிலாக இன்னொரு வேலை செய்தேன். ஒரு நோட்டு வாங்கி, டீச்சர் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்ன கடும் வார்த்தைகளை நாள் போட்டு எழுத ஆரம்பித்தேன். எதற்கும் கையில் ஆதாரம் இருக்கட்டும் என்று.

பயணத்துக்காக நிரப்பிக் கொடுக்கும் பாரத்தில் கடவுச்சீட்டு எண் கேட்டிருந்தது. "விரைவில் வரும்" என்று எழுதிக் கொடுத்தேன். நட்புப் பள்ளியில் வரவேற்புரை பேச தர்ஷினியைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மலாய், தமிழ், கொஞ்சம் சயாம் மொழி எல்லாம் மனப்பாடம். குளிக்கும்போதும் சொல்வாள், தோசைக்குக் காத்திருக்கும்போதும் சொல்வாள். "பத்து நாடு, ஒரே குடும்பம்" என்று குணசீலன் சார் எழுதிக் கொடுத்த உரை. நானும் சாப்பாட்டுப் பொறுப்பாளராகப் பேருந்தில் ஏறினேன். கடைசி நேரத்தில் காய்ச்சல் என்று சொல்லி அவளை நிறுத்திவிடலாம் என்று இருந்தேன். அன்று காலை அவள் ஐந்து மணிக்கே குளித்துவிட்டு நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு நின்றாள். காய்ச்சல் கதையை விட்டுவிட்டு அவளுக்குத் தலை பின்னினேன்.

எல்லையில் சோதனைச் சாவடிக்கு முன்னால் பேருந்து நின்றது. பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்தார்கள். பிலோமினா டீச்சர் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார். உள்ளே கடவுச்சீட்டுகள். ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார். இருபத்தெட்டுப் பிள்ளைகள். இருபத்தேழு பெயர் கூப்பிட்டார். டின்னைக் கவிழ்த்துத் தட்டி மூடினார்.

"டீச்சர், என்னோடது?"

"உன்னோடது அம்மாகிட்ட இருக்கு. போய்க் கேளு."

அவள் ஓடி வந்தாள். "ம்மா, பாஸ்போர்ட்."

எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். "வீட்ல மறந்து வச்சிட்டேன்டா," என்றேன்.

டீச்சர் பத்தடி தூரத்தில் நின்றார். "இன்னொரு தடவை சொல்லுங்க லெட்சுமி. சரியாக் கேக்கல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். குணசீலன் சார் ஓடி வந்தார். "டீச்சர், பாவம் டீச்சர், பிள்ளை முன்னாடி வேணாமே!" டீச்சர் அவரைப் பார்க்கவே இல்லை. என்னிடம் வந்து, மகளுக்கும் கேட்கும்படி சொன்னார்: "இன்னைக்குத் தெரிஞ்சா அழுவா. இருபத்தொரு வயசுல தெரிஞ்சா அழக்கூட நேரம் இருக்காது." பிறகு மகளின் கையிலிருந்த உரையை வாங்கி இன்னொரு சிறுமியிடம் கொடுத்துவிட்டு, வரிசையை நகர்த்திக்கொண்டு போய்விட்டார்.

அவர்கள் திரும்பி வர ஆறு மணி நேரமானது. இந்தப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை பெஞ்சில் நானும் அவளும் உட்கார்ந்திருந்தோம். அங்கேதான் சொன்னேன். மேடான் பெண், பிறை விடுதி, பன்னிரண்டாம் நாள், எல்லாம். அவள் அழவில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோல் கேட்டாள்.

"அந்த அம்மா ஆசியானா?"

"ஆமா."

"அப்பா?"

"தெரியாதும்மா."

"பத்து நாட்டுல ஏதாவது ஒண்ணா இருக்குமா?"

அவள் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். ஓங்கி அறைந்துவிட்டேன். பெற்ற வலி தெரியாத கை என்று அவளே பிறகொரு நாள் சொன்னாள். அறைந்ததை நான் எந்த நோட்டிலும் எழுதவில்லை.

மறுவாரம் என் நோட்டோடு தலைமையாசிரியரிடம் போனேன். பதினான்கு வரி. "மூளைக்கு லீவு குடுத்துட்டு வந்தியா" என்பதிலிருந்து, எல்லையில் சொன்னது வரைக்கும். பிள்ளைகளை அவமானப்படுத்தும் ஆசிரியர் எங்களுக்கு வேண்டாம் என்று மனு. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். நாற்பத்தொரு பேர் போட்டார்கள். காப்பி கொடுத்து உட்கார வைத்துப் போட்டார்கள். "நல்ல காரியம்கா, அந்தக் கிழவிக்குப் பிள்ளை குட்டி இல்லல்ல, அதான்," என்று சொல்லிப் போட்டார்கள். அந்தத் தாளின் நகல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. டீச்சர் தவறிய அன்று காலை குழுவில் "அன்பின் வடிவம்" என்று எழுதினாரே, அவர் கையெழுத்து ஒன்பதாவது. "மனம் நோகாமல்" என்றவர் இருபத்திரண்டாவது. யார் யார் என்று இங்கே எழுதவில்லை. அவரவருக்குத் தெரியும்.

விசாரணை நாளன்று தலைமையாசிரியர் அறையில் டீச்சர் நோட்டை வாங்கி முழுதும் வாசித்தார். பேனாவை எடுத்தார். "ஏழாவது நான் சொன்னது செவ்வாய்க்கிழமை. நீங்க புதன்னு போட்டிருக்கீங்க. மத்ததெல்லாம் சரி." நாளைத் திருத்தினார். பதினான்காவது வரிக்கு அடியில் கையெழுத்துப் போட்டு என்னிடமே நீட்டினார். எல்லையில் தான் ஏன் அப்படிச் செய்தார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மகளுடைய பத்திரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே மனு செத்திருக்கும்.

வகுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். ஓய்வு பெறுவதற்கு இருந்த இரண்டு வருடமும் படிக்கட்டுக்குக் கீழே பாடநூல் கிடங்கில் உட்கார வைத்தார்கள். சன்னல் இல்லாத அறை. சங்கத்து வேலையாக அதைக் கடந்து போகும்போது நான் வேண்டுமென்றே கொலுசு சத்தம் கேட்க நடந்திருக்கிறேன். குடியியல் பாடத்தை குணசீலன் சார் எடுத்தார். அவரும் நல்ல மனிதர்தான். அடுத்த ஆண்டு ஆசியான் தினத்தில் பிள்ளைகள் பத்து நாட்டு உடையில் ஆடினார்கள். நானும் கைதட்டினேன். யார் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது.

மகள் இடைநிலைப் பள்ளிக்குப் போனாள். என்னோடு அவசியத்துக்கு மட்டும் பேசினாள். பதினாறு வயதில், சனிக்கிழமை தோறும் தோழி வீட்டில் படிக்கப் போகிறேன் என்று கிளம்புவாள். ஒரு வருடம் கழித்து ஒருநாள் ஒரு கட்டுத் தாளை என் முன்னால் வைத்தாள். குடியுரிமை விண்ணப்பப் பாரம். எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது. எந்த இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும் என்று சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்ததும் தோழி யாரென்று புரிந்தது.

"டீச்சர் வீட்டுக்கா போறே?"

"ஆமா."

"உன்னை நடுரோட்டுல நிறுத்துனவங்க வீட்டுக்கு?"

"அவங்க ஒரு நாள் நிறுத்துனாங்க. நீங்க பன்னெண்டு வருசம்." பிறகு சொன்னாள்: "நான் டீச்சர்கிட்ட கேட்டேன், அம்மாவை மன்னிக்கணுமான்னு. அவங்க சொன்னாங்க, 'மன்னிப்பு அப்புறம். முதல்ல கையெழுத்து வாங்கு'ன்னு."

அந்த மாதமே நானும் என் வீட்டுக்காரரும் பதிவு அலுவலகத்தில் போய் நின்றோம். தாலி கட்டி இருபத்திரண்டு வருடம் கழித்து. சாட்சிக்கு அவர் வேலை செய்யும் கிடங்கிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஊர் சிரிக்கவில்லை. ஊருக்குத் தெரியவே தெரியாது. இத்தனை வருடம் நான் பயந்தது ஆளில்லாத வீட்டுக்கு.

அதன் பிறகு தத்துப் பத்திரம், அதன் பிறகு விண்ணப்பம். பள்ளி இறுதியான ஐந்தாம் படிவத்தில் நன்றாகத் தேறியவள், கல்லூரிப் பாரத்தில் கார்டு எண் கேட்கும் கட்டத்தோடு நின்றுபோனாள். இப்போது ஒரு கேக் கடையில் பின்கட்டில் வேலை. பத்தொன்பது வயதில் முதல் விண்ணப்பத்துக்கு மறுப்பு வந்தது. காரணம் எழுதவில்லை. டீச்சர் இரண்டாவது பாரத்தை அன்றே எடுத்து வைத்தாராம். இருபத்தொன்று நிறைவதற்குள் கிடைத்தால் உண்டு. அப்புறம் அந்த வழி அடைபட்டுவிடும். ஏழு மாதத்தையும், அதற்குப் பிறகு ஐந்து வருடத்தையும் நான் வீணாக்கியதை, எரித்த எலுமிச்சை விளக்கின் வெளிச்சத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

டீச்சர் படுக்கையில் விழுந்ததும் ஒருநாள் போனேன். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். கண்ணைத் திறந்து பார்த்தார்.

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, மன்னிக்க வந்தீங்களா?"

"ரெண்டும் இல்ல டீச்சர். பாக்க வந்தேன்."

"பாத்தாச்சா? லெட்டர் வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப ஆப்பிள் எதுக்கு?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

அவர் உடம்பு வைத்திருந்த வீட்டில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்த மந்திரத்தை மனசுக்குள் சொன்னேன். தர்ஷினி பெட்டியின் தலைமாட்டில் நின்றாள். மகள் மாதிரி நின்றாள் என்று யாரோ என் காதில் சொன்னார்கள். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார்கள்.

அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. மறுப்பு. இந்தத் தடவையும் காரணம் இல்லை. மகள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்தாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு இருபத்தொன்று நிறைய இன்னும் பதினோரு வாரம் இருக்கிறது.

டீச்சர் எல்லையில் செய்தது சரி என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது நடந்திருக்கக் கூடாது. ஆனால் பதினான்கு வரியையும் இந்த நாட்களில் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். அதில் கொடுமை இருக்கிறது. பொய் என்று ஒரு வரிகூட இல்லை. பொய் எல்லாம் அந்த நோட்டுக்கு வெளியே, எழுதினவளிடம் இருந்தது.

போன சனிக்கிழமை பள்ளியில் முதலாம் ஆண்டுப் பதிவு. சங்கத்தின் சார்பில் மேசை போட்டு உட்கார்ந்தேன். தாசேக் கெலுகோர் பக்கமிருந்து மாமியார் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் ஓர் இளம்பெண், மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கழுத்தில் தாலி புதுசு மாதிரி மஞ்சளாய் மினுங்கியது.

"கல்யாணத்தைப் பதிவு பண்ணியாச்சா?" என்று கேட்டேன்.

"கோயில்ல நடந்துச்சுக்கா."

"அது எனக்குத் தெரியுது. பதிவு?"

அவள் முகம் மாறியது. பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். "அக்கா, அப்புறம் பேசலாமே."

"பிள்ளையோட சூராட்ல கடைசி வரியை வாசிம்மா. சத்தமா வாசி."

"உங்களுக்கு மனசாட்சி இருக்காக்கா? என் பிள்ளை முன்னாடி!" என்று அழுதுகொண்டே பத்திரத்தை மேசையில் எறிந்தாள். எடுத்துப் பார்த்தேன். நல்லவேளை, அவள் பிள்ளையின் பத்திரத்தில் குடிமகள் என்றுதான் இருந்தது. அவள் என்னைத் திட்டிவிட்டுப் போனாள். போகட்டும். அடுத்த ஆளையும் அதையே கேட்டேன். அதற்கடுத்த ஆளையும் கேட்டேன். செயலாளர் தம்பி மெல்ல வந்து, "அக்கா, வாய் ரொம்ப நீளுது," என்றார்.

டீச்சர் எனக்கென்று எதையும் விட்டுப்போகவில்லை. நானாக எடுத்து வைத்துக்கொண்டது அவருடைய இரக்கமில்லாத அந்தக் கேள்வியைத்தான். அதைக் கேட்பவளை யாருக்கும் பிடிக்காது என்பதையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன். இந்தத் தாளை வாசிக்கிற நாற்பத்தொரு பேரும் வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து பாருங்கள். குழுவில் அனுப்பிய வெள்ளைப் பூவைவிட அது அவருக்குப் பிடிக்கும்.

அன்று வீட்டுக்கு வந்து பழைய நோட்டை எடுத்தேன். டீச்சரின் கையெழுத்துக்குக் கீழே அரைப் பக்கம் வெறுமையாக இருந்தது. பதினைந்து என்று எண் போட்டு, எல்லைக் கடை பெஞ்சில் மகளை அறைந்ததை எழுதினேன். பதினாறில் அந்த இளம்பெண்ணை அழ வைத்ததை எழுதினேன். வேலை முடிந்து வந்த தர்ஷினியிடம் நீட்டினேன். உடம்பெல்லாம் வெண்ணெய் வாசத்தோடு நின்றபடியே வாசித்தாள்.

"பதினஞ்சு, மத்தியானம்னு போட்டிருக்கீங்க. அப்ப மணி மூணரை," என்றாள்.

திருத்தினேன். வேறு ஏதாவது சொல்வாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பையைத் திறந்து புதிய பாரத்தை எடுத்து நோட்டின் மேல் வைத்தாள். மூன்று இடத்தில் சிவப்புக் கோடு. இந்தத் தடவை அவள் கையாலேயே போட்டது.

"அது அப்புறம்மா," என்றாள். "முதல்ல கையெழுத்து."

போட்டேன்.